வலது கீழ் மூலை

தொலைக்காட்சியின் வலது கீழ் மூலையில்
முட்டை வடிவக் கட்டத்துக்குள்
கறுப்புச் சட்டையோடு நிற்பவள் நான்.
இந்த நாட்டின் தலைவர்கள் பேசுவதை
பதினோரு ஆண்டுகளாக
காது கேளாதவர்களுக்குக் கையால் சொல்கிறேன்.
மூன்று அதிபர்கள். ஒரே ஜோடிக் கைகள்.

முதலாமவர், விருந்தாளி நாட்டை
அதன் பகை நாட்டின் பெயரால் வாழ்த்திக்
கோப்பையை உயர்த்தினார்.
ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தவன்
பாதிக் கோப்பையில் நின்றுவிட்டான்.
இரண்டாமவர், மைக் அணைந்துவிட்டதாக நினைத்து,
"இந்தக் கிழடுகள் எப்போது முடிக்கும், பசிக்கிறது" என்றார்,
போர்வீரர் நினைவு நாளில்.
அதையும் சொன்னேன்.
கிழடு என்பதற்குத் தாடியைத் தடவ வேண்டும்.
முன்வரிசையில் மூன்று தாடிகள் இருந்தன.

யானைக்கும் அடி சறுக்கும் என்று
ஒவ்வொரு முறையும் யாராவது சொல்வார்கள்.
சறுக்கிய யானை
எதன்மேல் விழும் என்று
பழமொழி சொல்வதில்லை.

ஏப்ரலில், ரியோனி ஆற்றங்கரையில்
புதிய மருத்துவமனை திறந்தார்கள்.
பெயின்ட் வாடை, சிவப்பு ரிப்பன்.
ஸ்கேன் அறைக்கு ஸ்கேன் இன்னும் வரவில்லை;
கதவில் அதன் படம் மட்டும் வந்திருந்தது.
மூன்றாமவர், அதிபர் உஷாங்கி,
எழுதி வந்த தாளை மடித்துப் பையில் வைத்தார்.
(தாள் மடியும்போதே என் விரல்கள் சில்லிடும்.)

"அன்பு மக்களே, இது உங்கள் வீடு.
குடும்பத்தோடு வாருங்கள். அடிக்கடி வாருங்கள்.
உங்களில் ஒருவர் விடாமல்
எல்லோரையும் இந்தக் கட்டில்களில்
பார்க்க வேண்டும் என்பதே என் கனவு."

ஆளுநர் கைதட்டத் தூக்கிய கையால்
மூக்கைச் சொறிந்துகொண்டார்.
பிஷப் தன் காலணியைப் பார்த்தார்.

எனக்கு அரை நொடி இருந்தது.
"நலமாய் இருங்கள்" என்று திருப்பிவிட்டால் போதும்,
சம்பளம் தருபவர்களின் மானம் மிஞ்சும்.
ஆனால் இடப்பக்கப் பெஞ்சில் ஏழு பேர்.
அவர்களில் ஒருவர் தெங்கிஸ், செருப்புத் தைப்பவர்,
என் விரல்களை மட்டுமே நம்பி
மூன்று தேர்தலில் ஓட்டுப் போட்டவர்.

புஜத்தில் சிலுவை: மருத்துவமனை.
உள்ளங்கை மடங்கி மடங்கி: வா, வா, வா.

தெங்கிஸ் சிரித்தார்.
தன் சிரிப்பின் சத்தம் தனக்கே தெரியாதவரின் சிரிப்பு,
படிக்கட்டில் உருண்ட தகர டின் போல.
அதைப் பிடித்துக்கொண்டு நர்ஸ்கள்,
அப்புறம் பேண்டு வாத்தியக்காரர்கள்,
கடைசியில், தோள் மட்டும் குலுங்க, பிஷப்.

அதிபர் திரும்பி முறைத்தார்,
என் கைகளை.

மறுநாள் அறிக்கை:
"சைகை மொழிபெயர்ப்பில் நேர்ந்த வருந்தத்தக்க பிழை."
அவர் சொன்னதைத் தம் காதால் கேட்ட
நாலாயிரம் பேரும் அதைப் படித்தார்கள்.
என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.
ஒரே வரி எழுதினேன்:
கையும் களவுமாய்ப் பிடித்திருக்கிறீர்கள்,
கை என்னுடையதுதான்.

உண்மையில் எனக்கு அந்த மனிதர்மேல் கோபமில்லை.
பென்ஷன் உயரும் என்றபோதும்
அடுத்த வசந்தத்தில் பாலம் என்றபோதும்
அவர் நா ஒருமுறைகூட இடறியதில்லை.
பிசகே இல்லாத அந்த வாக்கியங்களைச்
சொல்லிச் சொல்லித்தான் என் மணிக்கட்டு வீங்கியது.

காது கேளாதவர்கள் யாரையும்
எழுத்து எழுத்தாய் அழைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.
ஆளுக்கொரு சைகைப் பெயர்.
அதிபருக்கு இதுவரை புருவத்தைத் தொட்டால் போதும்;
அவ்வளவு அடர்த்தி.
மே மாதம் பள்ளிக் குழந்தைகள் அதை மாற்றிவிட்டார்கள்:
புஜத்தில் சிலுவை, பிறகு வா, வா.
சிறுமி லாம்சிரா ரொட்டிக் கடை வாசலில்
எனக்கே அதைக் கற்றுத் தந்தாள்,
நான் தப்பாகச் செய்கிறேன் என்று.

நேற்று மறுபடி நேரலை.
"இப்போது மாண்புமிகு அதிபர் உரையாற்றுவார்."
வலது கீழ் மூலையில்
என் வலது கை
புருவத்துக்குத்தான் கிளம்பியது.
பாதி வழியில்
இடது புஜத்தில்
ஏதோ அரித்தது.